நீட்டித் தரும் முன்போர்க்: பெயின்ட் அடிப்பதற்கு முன் பற்றவைப்பைப் பாருங்கள்

சென்னையில் பழைய சைக்கிள்களைப் பிரித்துச் சாப்பர் (முன்பக்கம் நீண்டு சாய்ந்த சைக்கிள்) கட்டுகிறவர்கள், முன்போர்க்கை, அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கால்களை, நீட்டுவதற்குப் பட்டறையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு பட்டறை எனக்குச் செய்து தந்த போர்க், ஓட்டுகிறவரின் உயிருக்கே உலை வைக்கக்கூடியதாக இருந்தது.

என்னிடம் இருந்தது அம்பத்தூரில் தயாரான பழைய பி.எஸ்.ஏ. பிரேம். அதன் குழாய்கள் லக்குகள் எனப்படும் இணைப்புக் குழல்களுக்குள் செருகப்பட்டுப் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவை. மேலே துரு படிந்திருந்தாலும் ஓர் இணைப்பு கூட அசையவில்லை. அகலமான பின்ரிம், உயரமான ஹேண்டில் பார், நீளமான சீட் ஆகியவற்றைக் காயலான் கடைகளில் தேடிச் சேர்த்தேன். போர்க்கை நீட்டும் வேலையை மட்டும் வெல்டிங் தொழிலாகச் செய்கிறவர்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. சாதாரண சைக்கிளில் போர்க் தரைக்கு ஏறத்தாழ 70 பாகை நிமிர்ந்து நிற்கும். அதை ஓரடி நீட்டிச் சாய்க்கும்போது, வேகத்தடையில் சக்கரம் மோதி எழும் விசையில் பெரும்பகுதி போர்க்கின் நீளவாக்கில் ஏறிப் போகாமல் அதைக் குறுக்கே வளைக்கப் பார்க்கிறது; போர்க் நீள நீள அந்த வளைப்பும் கூடுகிறது. 1969இல் வெளிவந்த புகழ்பெற்ற ராலே சாப்பரில்கூட முன்போர்க் இவ்வளவு நீளம் கிடையாது. எனவே நீட்டும் குழாய் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சீம்லெஸ் (நெடுக ஒட்டு இல்லாத) பைப்பாக இருக்க வேண்டும், பழைய காலும் புதிய குழாயும் சேரும் இடத்தில் இறுக்கமான இரும்புத் துண்டு ஒன்று உள்ளே இருபுறமும் இரண்டு அங்குலமாவது நுழைந்திருக்க வேண்டும், அதன்பிறகே சுற்றிலும் கேஸ் வெல்டிங் வைக்க வேண்டும் என்று தாளில் வரைந்தே கொடுத்தேன். உரிமையாளர் அதை வாங்கிப் பார்த்து ஒப்புக்கொண்டார். கேட்ட 2,500 ரூபாயையும் முன்கூட்டியே அனுப்பினேன். வேலை முடிந்து கறுப்புப் பெயின்ட் பளபளக்க அதைக் கையில் கொடுத்தபோது, "உள்ள ராடு போட்டு கேஸ்ல பத்த வெச்சிருக்கேன் சார், லாரியே ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

பெசன்ட் நகரில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது போர்க்கின் இடதுகால் முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடிந்தது. மெதுவாகச் சென்றதாலும் பின்னால் வண்டி எதுவும் வராததாலும் முழங்கை சிராய்ப்போடு தப்பினேன்.

முறிந்த முனையை வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தது. உள்ளே இரும்புத் துண்டு எதுவுமே இல்லை. இரண்டு குழாய்களையும் முட்ட வைத்து, வெளிப்புறத்தில் பாதி வட்டத்துக்கு மட்டும் கரண்டு வெல்டிங் வைத்திருந்தார்கள். மறுபாதியில் குழாயின் விளிம்பு உருகவே இல்லை, அறுத்த ரம்பத்தின் பல் தடம் வரிவரியாக அப்படியே இருந்தது. மெல்லிய குழாயில் அளவுக்கு மீறி கரண்டு வைத்ததால் விழுந்த ஓட்டையைக் கார் பாடிக்குப் பூசும் பட்டியால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கத்தியால் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தது. வெர்னியர் வைத்து அளந்ததில் குழாயின் தடிமன் 1 மில்லிமீட்டர்தான் இருந்தது. நாற்காலிக் கால்களுக்குப் போடும் ரகம் அது. இதை அவசரத்தில் நேர்ந்த பிழை என்று என்னால் ஏற்க முடியவில்லை. பட்டி பூசிய கைக்கு அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

முறிந்த துண்டுகளோடு போய்க் கேட்டதற்கு, "பள்ளத்துல விட்டா நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்ற பதில்தான் கிடைத்தது. பணம் திரும்பி வரவில்லை, ரசீதும் தரவில்லை. ஆனாலும் ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் என்னிடம் உள்ளன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைகளுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

போர்க் வேலை கொடுப்பவர்கள், பெயின்டோ பிரைமரோ ஏறுவதற்கு முன் நேரில் வந்து பார்ப்பேன் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்; அதற்குத் தயங்குகிற பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். உள்ளே போடும் துண்டைச் செருகுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். குரோம் பூசிய பழைய போர்க் என்றால், பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முழுவதும் நீக்கச் சொல்லுங்கள். அதன் புகை வெல்டருக்குக் கொடிய நஞ்சு.

ஏற்கெனவே நீட்டிய போர்க்கில் ஓட்டுகிறவர்கள், இணைப்பு இருக்கும் இடத்தில் சிறு காந்தம் ஒன்றை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தடித்த பட்டி பூசிய இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். அப்படித் தளர்ந்தாலோ, பெயின்டில் முடி போன்ற விரிசலும் அதன் ஓரத்தில் துருக்கறையும் தெரிந்தாலோ, பெயின்டைச் சுரண்டிப் பார்க்கும் வரை அந்தச் சைக்கிளைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.