கால் பங்கா, ஐந்தில் ஒன்றா: டெக்சாஸ் எரிவாயு ராயல்டியில் நாங்கள் எடுத்த முடிவு

ஹூஸ்டனிலிருந்து வடகிழக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் ஷெல்பி கவுண்டி. பைன் மரக் காடும் கோழிப் பண்ணையும்தான் ஊரே. அங்கே 40 ஏக்கர் வாங்கியபோது, விற்றவர் பூமிக்கு அடியில் இருக்கும் உரிமையில் பாதியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார், மீதிப் பாதி, அதாவது 20 ஏக்கர் கணக்கு, எங்களுக்கு. நம் ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். காவிரி டெல்டாவில் வயலுக்கு அடியில் எரிவாயு கிடைத்தால் விவசாயிக்கு நிலத்துக்கான வாடகையோ இழப்பீடோதான், ராயல்டி, அதாவது எடுத்து விற்ற வாயுவில் அடி உரிமைக்காரருக்குச் சேரும் பங்கு, அரசுக்குப் போகும். டெக்சாஸில் மேல் நிலம் ஒருவருக்கும் அடியில் இருப்பது இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம், இரண்டையும் தனித்தனியாகப் பத்திரம் போட்டு விற்கலாம்.

2018ல் எரிவாயுக் கம்பெனியின் லேண்ட்மேன் வந்தார். (லீஸ், அதாவது அடியில் உள்ள வாயுவை எடுக்க அனுமதிக்கும் ஒப்பந்தம், பேசி முடிக்க அலையும் ஆள், நம் ஊர் நிலத் தரகர் மாதிரி, ஆனால் கம்பெனிக்காரர்.) மேஜையில் இரண்டு வழி வைத்தார். ஒன்று, அச்சடித்த லீஸில் அப்படியே கையெழுத்து: கால் பங்கு ராயல்டி. இரண்டாவது, எங்கள் வக்கீல் எழுதிய இணைப்போடு: ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் செலவு எதையும் பிடிக்கக் கூடாது, முன்பணமாகத் தரும் போனஸில் ஏக்கருக்கு 200 டாலர் குறைவு. 20 ஏக்கருக்கு 4,000 டாலர் கையை விட்டுப் போகும். பக்கத்து நிலத்துப் பெரியவருக்கும் இதே 20 ஏக்கர்தான். அவர் முதல் வழியில் போனார், நாங்கள் இரண்டாவதில். அதனால்தான் இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

இரண்டுக்கும் பொதுவானதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எரிவாயுவுக்கு மாநிலத்தின் உற்பத்தி வரி 7.5 சதவீதம், ராயல்டியில் நம் பங்குக்கும் அது பிடிக்கப்படும். கிணறு ஓடத் தொடங்கினால் கவுண்டி சொத்து வரியும் வரும். மத்திய வருமான வரிக் கணக்கில் ராயல்டியில் 15 சதவீதத்தைத் தேய்மானமாக, அதாவது வாயு தீர்ந்துகொண்டே போவதற்காக, கழிக்கலாம், டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது. அடியில் உள்ள உரிமையை மொத்தமாக விற்றுவிடுங்கள் என்று கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் விற்றுப் பார்த்ததில்லை, அதனால் அந்த மூன்றாவது வழியில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, கால் பெரியதா, ஐந்தில் ஒன்று பெரியதா? கணக்குப் புத்தகத்தில் கால்தான். எங்கள் யூனிட், அதாவது ஒரே கிணற்றுக்காகச் சேர்த்த நிலங்களின் தொகுப்பு, 640 ஏக்கர். 20ஐ 640ஆல் வகுத்து ராயல்டியால் பெருக்கினால் எங்கள் தசமம், அதாவது கிணற்று வருமானத்தில் எங்கள் பங்கு, 0.00625, பெரியவருக்கு 0.0078125. அவர் அதைக் காட்டிச் சிரித்தார். ஆனால் தசமம் எதன் மேல் பெருக்கப்படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அச்சடித்த லீஸில் "கிணற்றடியில் சந்தை மதிப்பு" என்று இருக்கும். கிணற்றடியில் யாரும் எரிவாயு வாங்குவதில்லை. அதைக் குழாயில் சேர்க்க வேண்டும், அழுத்தம் ஏற்ற வேண்டும், எங்கள் பக்கத்து ஹேன்ஸ்வில் பாறை அடுக்கிலிருந்து வரும் வாயுவில் கரியமில வாயு கலந்து வருவதால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், அப்புறம்தான் விற்பனை. விற்ற விலையிலிருந்து இத்தனை செலவையும் பின்னோக்கிக் கழித்தால் வருவதுதான் கிணற்றடி மதிப்பு. எங்கள் லீஸில் விற்ற இடத்தில் கிடைத்த முழுத் தொகை மேல் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் சமையலறை மேஜையில் இருவர் காசோலைத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அளவு ஒன்று, விலை ஒன்று. அதற்குப் பிறகு அவர் தாளில் குறியீட்டு எழுத்துகளோடு ஐந்து கழித்தல்கள், என் தாளில் உற்பத்தி வரி ஒன்று மட்டும். அவருக்குக் கழிந்த செலவைக் கூட்டினால் ஆயிரம் கன அடிக்கு ஏறக்குறைய 1 டாலர். விலை 3 டாலர் என்று வையுங்கள்: அவருக்கு 2 டாலரில் கால், 50 சென்ட். எனக்கு 3 டாலரில் ஐந்தில் ஒன்று, 60 சென்ட். விலை 2 டாலருக்கு இறங்கினால் அவருக்கு 25, எனக்கு 40. விலை 5 டாலரில் இருவரும் சமம், அதற்கு மேல் போனால் அவர் முந்துகிறார். அதாவது கழிவு விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கால் பங்கு தோற்கும்.

அமெரிக்க எரிவாயுவின் ஆண்டுச் சராசரி 2020ல் 2 டாலரை ஒட்டி இருந்தது, 2022ல் 6ஐத் தாண்டியது, 2024ல் மறுபடி 2க்குச் சற்று மேல். 2022 கோடை முழுவதும் பெரியவர் என்னைவிட அதிகம் வாங்கினார், அதை மறைக்க வேண்டியதில்லை. மற்ற வருடங்களில் நான். போனஸில் விட்ட 4,000 டாலர் எட்டு மாதத்தில் திரும்பி வந்தது, ஆனால் அது கிணறு புதிதாக வேகமாக ஓடிய காலம். ஷேல் எனும் களிப்பாறையில் தோண்டும் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும், தாமதமாகக் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தக் கணக்கு மாறலாம்.

எண்ணெய் கிணறு என்றால் நான் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். பீப்பாய் 70 டாலர், கழிவு 3 டாலர் என்றால் கால் பங்குக்கு 16.75, ஐந்தில் ஒன்றுக்கு 14. அங்கே கால் பங்கு ஜெயிக்கும். எங்களுக்கு ஒரே ஒரு எரிவாயுக் கிணறு, அனுபவமும் அவ்வளவுதான்.

இணைப்பு எழுதும்போது வார்த்தையில் ஏமாறக் கூடாது. "கழிவு பிடிக்கக் கூடாது" என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன், வக்கீல் மறுத்தார். 1996ல் ஹெரிடேஜ் ரிசோர்சஸ் வழக்கில், லீஸில் அந்த வரி இருந்தும் ராயல்டி கிணற்றடி மதிப்பில் என்று இருந்ததால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். 2021ல் புளூஸ்டோன் வழக்கில் அதே நீதிமன்றம், இணைப்பில் பெற்ற மொத்த மதிப்பு என்று எழுதி, முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்றும் சொல்லியிருந்ததால் உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. எங்கள் இணைப்பிலும் அந்த இரண்டும் உண்டு. கூடவே, கம்பெனி தன் துணை நிறுவனத்துக்கே மலிவாக விற்றால் வெளியாருக்கு விற்ற விலையை எடுக்க வேண்டும் என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் முழுத் தொகை என்பதே வெறும் பேச்சாகிவிடும்.

அளவைச் சரிபார்க்க மாநில அரசின் ரெயில்ரோடு கமிஷன் தளம் இருக்கிறது. பெயர்தான் ரயில், பார்ப்பது எண்ணெயும் வாயுவும். கிணறுவாரியாக மாத உற்பத்தி அங்கே இருக்கும், துண்டோடு ஒப்பிட்டுக்கொள்வேன்.

பெரியவர் போன மாதம், இணைப்பை இப்போது சேர்க்க முடியுமா என்று கேட்டார். கிணற்றிலிருந்து லாபத்துக்கு விற்கும் அளவில் வாயு வந்துகொண்டிருக்கும் வரை அவர் லீஸ் முடியாது, கம்பெனி ஒப்புக்கொள்ளாமல் அதில் ஒரு வரியையும் மாற்ற முடியாது.