ஃபியூஸ் பாக்ஸில் தொங்கும் வேண்டாத ஒயர்கள்: நாமே எடுப்பதா, எலக்ட்ரீஷியனிடம் விடுவதா?

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினேன். பிஒய் 01 பதிவு. என்ஜின் நன்றாக இருந்தது, டயரும் பரவாயில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் நாலு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிக் கடையில் சார்ஜ் போட்டு, லோடு டெஸ்ட் செய்து, பேட்டரியில் குறை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பாக்ஸின் மூடியைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. கம்பெனி ஒயர்களின் மேல் கொடி படர்ந்தது மாதிரி சிவப்பும் கறுப்புமாக ஏழெட்டு ஒயர்கள். இரண்டு இடத்தில் ஒயரை உரித்து, ஃபியூஸின் காலில் சுற்றி, அப்படியே அழுத்திச் செருகியிருந்தார்கள். ஃபாக் லாம்ப், ஆம்ப்ளிஃபையர், கால் வைக்கும் இடத்தில் நீல விளக்கு, ஜிபிஎஸ் கருவி என்று முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டுப் போட்டவை. விற்கும்போது விலையுள்ளதைக் கழற்றிக்கொண்டார். ஒயர்களும் ஜிபிஎஸ்ஸும் என்னிடம் வந்து சேர்ந்தன.

வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் கடிகாரம், ரிமோட் லாக் போன்றவை கொஞ்சம் கரண்ட் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. என் வண்டியில் மல்டிமீட்டர் (கரண்டும் வோல்ட்டும் அளக்கும் கருவி) காட்டியது 180. ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர்-ஹவர் (Ah) போகிறது என்று கணக்கு. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் நாலே நாளில் பாதி காலி. பேட்டரி போவது பணத்தோடு முடிந்துவிடும். எனக்குப் பயம் வேறு. ஃபியூஸ் பாதுகாக்காத ஒரு ஒயர், டேஷ்போர்டுக்குப் பின்னால் தகட்டில் உரசி உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆனால், பிள்ளைகள் பின் சீட்டில் இருக்கும்போது புகை வரும். அதனால் இதை எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படி எடுப்பது என்பதில்தான் நாலு வழி இருக்கிறது.

ஒன்று, ஃபியூஸை மட்டும் உருவிவிட்டு ஒயரை அப்படியே விட்டுவிடுவது. பலரும் சொல்லும் யோசனை இது. ஃபாக் லாம்புக்குப் பேட்டரி பக்கத்திலேயே தனி ஃபியூஸ் ஹோல்டர் வைத்திருந்தார்கள். அதை உருவினால் அந்த ஒயர் முழுக்கச் செத்துவிடும். ஒரு மழைக்காலம் வரைக்கும் அப்படியே விடலாம். ஆனால் ஃபியூஸ் காலில் சுற்றிய ஒயருக்கு இது பொருந்தாது. அந்த ஃபியூஸை உருவினால் உள் விளக்கும் சார்ஜர் சாக்கெட்டும் சேர்ந்து போய்விடும். கெட்ட செய்தி இன்னொன்றும் உண்டு. ஃபியூஸுக்கு இரண்டு கால். ஒன்று பேட்டரியிலிருந்து வரும் பக்கம், மற்றது சாமானுக்குப் போகும் பக்கம். வெளி ஒயரைப் பேட்டரி பக்கக் காலில் சுற்றியிருந்தால், அந்த ஒயர் ஃபியூஸைத் தாண்டாமலேயே கரண்ட் எடுக்கிறது. ஷார்ட் ஆனாலும் அந்த ஃபியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். ஃபியூஸை உருவிவிட்டு, அதன் கால்கள் இருந்த இரண்டு துளையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் காட்டும் பக்கம்தான் பேட்டரி பக்கம். என் வண்டியில் நீல விளக்கின் ஒயர் அந்தப் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கே இந்த முதல் வழியைக் கைவிட்டேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் இரண்டாவது வழி. வாரண்டி உள்ள வண்டி என்றால் அங்கேதான் போக வேண்டும், வேறு பேச்சில்லை. ஏர்பேக் ஒயரில் யாராவது கை வைத்திருந்தாலும் அங்கேதான். மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ (ஒயர்களை இணைக்கும் பிளக்) தெரிந்தால் அது ஏர்பேக் என்று நினைத்து ஒதுங்கிவிடுங்கள். நான் விசாரித்த இடத்தில் ஒயர்களைத் தேடி எடுக்கும் வேலையை ஏற்கவில்லை, முழு ஒயரிங் செட்டையும் மாற்றச் சொன்னார்கள். எட்டு வயது வண்டிக்கு அது பெரிய தொகை. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மட்டும் அதை யோசிக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது ரெயின்போ நகரில் கார்கள் தண்ணீரில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகி கடலூரிலும் அதே கதை. அந்தச் சமயத்தில் இங்கே ஓடிய வண்டியை வாங்குபவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கி, கப்ளர்களுக்குள் சேறு படிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. சேறு இருந்தால் வெளி ஒயர் பிரச்சினையே இல்லை, கம்பெனி ஒயரே பிரச்சினை.

ஆகப் போட்டி, நாமே எடுப்பதற்கும் ரோட்டோர எலக்ட்ரீஷியனுக்கும் இடையில்தான்.

நாமே செய்வதன் பெரிய பலம் பொறுமை. நமக்கு அடுத்த வண்டி காத்திருக்காது. எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு மல்டிமீட்டர், டார்ச், பிளாஸ்டிக் நெம்பி, சில நூறு ரூபாய் செலவு. முதல் வேலை போட்டோ எடுப்பது, எந்த ஸ்லாட்டில் என்ன நிறம் என்று. நிறம் முக்கியம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மூடியின் உட்புறத்தில் 10 என்று அச்சிட்ட இடத்தில் என் வண்டியில் மஞ்சள் ஃபியூஸ் இருந்தது. அடிக்கடி போகிறது என்று யாரோ பெரியதாகப் போட்டுவிட்டார்கள். 10 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் 20 ஓடினால் ஒயர்தானே ஃபியூஸ் ஆகிவிடும். இதை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை, நானாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில் தெரிந்தது.

பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், எப்போதும் நெகட்டிவ்தான் முதலில். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். வெளி ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஃபியூஸ் பக்கத்தில் விடுவித்து, அங்கிருந்து அதன் கூடவே போய், மறுமுனை வரைக்கும் பார்த்த பிறகுதான் உருவ வேண்டும். கரண்ட் வரும் முனையை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கம் வெட்டினால், உயிருள்ள ஒயர் ஒன்று சீட்டுக்கு அடியில் வாயைத் திறந்தபடி கிடக்கும். வரிசை தலைகீழாகப் போனதால் வந்த விபத்துகளை எலக்ட்ரீஷியன்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

நான் தோற்ற இடங்கள் இரண்டு. ஒயரைச் சுற்றிச் செருகியிருந்த ஸ்லாட்டில், ஒயரை எடுத்ததும் ஃபியூஸ் ஆடியது. உள்ளே இருக்கும் உலோகக் கவ்வி தடித்த காலுக்கு விரிந்து விரிந்து பழகிவிட்டது. பிடி தளர்ந்தால் அந்த இடத்தில் சூடு ஏறும், பிளாஸ்டிக் உருகும். வேண்டாத ஒயரை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது அந்தச் சூடு தொடங்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பக்கத்து ஸ்லாட்டில் புது ஃபியூஸைச் செருகிப் பாருங்கள், பிறகு இந்த ஸ்லாட்டில் அதையே செருகிப் பாருங்கள். விரலுக்கே வித்தியாசம் தெரியும். கவ்வியை முன்பக்கமிருந்து நெருக்க முடியாது. பாக்ஸைக் கழற்றிப் பின்னால் எடுத்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது ஜிபிஎஸ். அது கரண்ட் மட்டும் எடுக்கவில்லை. பெட்ரோல் பம்புக்குப் போகும் கம்பெனி ஒயரை வெட்டி, நடுவில் ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போட்டிருந்தார்கள். கடன் தவணை நின்றால் வண்டியைத் தூரத்திலிருந்தே நிறுத்த இப்படிப் போடுவதுண்டு. கருவியைக் கழற்றியதும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. இது உங்கள் வண்டியிலும் இருந்தால், முதலில் கடன் முடிந்ததற்கான தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்சியாக ஓடும் வண்டி என்றால் இருப்பிடம் காட்டும் கருவி சட்டப்படி கட்டாயம், அதைத் தொடவே கூடாது.

அப்போதுதான் நெல்லிக்குப்பம் சாலையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனை வீட்டுக்கே அழைத்தேன். வந்தவர் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, கம்பெனி ஒயர்ல பெரும்பாலும் கோடு ஓடும், ரெண்டு கலரு. கடையில போட்டது ஒரே கலரா மொழுக்குன்னு இருக்கும். நீ தேடாத, அதுவே சொல்லும்" என்றார். நான் ஒரு காலை முழுக்கத் தேடியதை அவர் கண்ணாலேயே பிரித்துவிட்டார். கவ்வியைப் பின்னாலிருந்து எடுத்து வேறு ஒன்று போட்டார். பம்பு ஒயரை ஈயப் பற்று வைத்து இணைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினார். அனுபவத்தைக் கருவிகளால் ஈடுசெய்ய முடியாது என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் எலக்ட்ரீஷியன் என்றால் எல்லோரும் இப்படி இல்லை. இவருக்கு முன்னால் வேறொரு கடையில் காட்டினேன். அங்கே செய்தது வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியதுதான். நம் ஊரில் அந்த வேலை நிற்காது. கத்திரி வெயிலில் பூட்டிய வண்டிக்குள் டேப்பின் பசை இளகி ஒழுகும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளே போகும். தாமிரத்தில் பச்சை பிடித்து, ஒயரின் தோலுக்குள்ளேயே அது ஏறிப் போகும். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு உள்ளவர்கள் கேட்டின் கீல் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒயருக்கும் அதுதான் கதி. அங்கே டெஸ்ட் லாம்பின் ஊசியால் கம்பெனி ஒயரைக் குத்திக் குத்திப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு குத்தும் உப்புக் காற்றுக்கு ஒரு வாசல். கம்ப்யூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயர்களில் பல்பு வைத்த டெஸ்ட் லாம்பே ஆகாது, மீட்டர்தான் வேண்டும்.

கூலி பேசும் விதமும் வேலையை மாற்றும். "இந்த ஒயர்களை எடுக்க எவ்வளவு" என்று கேட்டால், வேகமாக வெட்டி முடிப்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அரை நாள் கூலி என்று பேசினேன். வெட்டக் கூடாது, முனை முதல் முனை வரை உருவ வேண்டும், கழற்றியதையெல்லாம் என் கையில் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

என்னைக் கேட்டால், இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். போட்டோ எடுப்பது, ஃபியூஸ் நிறங்களை மூடியோடு ஒப்பிடுவது, மில்லி ஆம்பியர் அளப்பது, தனி ஹோல்டர் வைத்த ஒயர்களை உருவுவது, இவ்வளவும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அளக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். மீட்டரை நெகட்டிவ் கேபிளோடு வரிசையில் கோத்துவிட்டு, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் விட்ட பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். மீட்டர் கோத்திருக்கும்போது தப்பித் தவறியும் சாவியைத் திருப்பக் கூடாது. கம்பெனி ஒயரை வெட்டியிருக்கும் இடமும், பிடி தளர்ந்த ஸ்லாட்டும் வந்தால் அங்கே நிறுத்திவிட்டு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எனக்கு அளவு 180-லிருந்து 30-க்கு இறங்கியது.

ஒரே ஒரு வெளி ஒயரை மட்டும் வைத்துக்கொண்டேன். ஹாரனுக்கு யாரோ தனி ரிலே, தனி ஃபியூஸ், சரியான தடிமனில் ஒயர், கப்ளர் எல்லாம் வைத்து முறையாகப் போட்டிருந்தார்கள். அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத யாரு செஞ்சானோ, தெரிஞ்சு செஞ்சிருக்கான், இருக்கட்டும்" என்றார். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுத் தாளில் அந்த ரிலே எங்கே இருக்கிறது, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று தமிழில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இந்த வண்டியை வாங்குபவர் டார்ச் பிடித்துக்கொண்டு தேட வேண்டியிருக்காது.