தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கக் கையெழுத்துப் போடும் முன்

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கும்போது, "தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்துவிட்டால் நாளைக்குக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோயே வந்தாலும் பயமில்லை" என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் நம்பாதீர்கள். அது விற்பதற்காகச் சொல்லும் பொய். எங்கள் குடும்பத்தில் சேமித்தும் வைத்தோம், அதே நோய் வந்தும் விட்டது. அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். பிரசவத்தின்போது தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் ரத்தத்தில், புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கும். அதைத்தான் தனியார் கம்பெனிகள் "வங்கி" என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு உறைய வைக்கின்றன.

கம்பெனி பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது, இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் பெரிய விஷயமும் இல்லை. இந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் மட்டும் இல்லை.

2018இல் அக்காவுக்குத் தலைப்பிரசவம். திருச்சியில் ஸ்கேனுக்குப் போகும் இடத்திலேயே ஒரு கவுன்சலர் பெண் அறிமுகமாகி, வளைகாப்புக்கு முந்தின வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் அக்காவிடம் அதிகம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். "தாய்மாமன் சீரா இதைக் குடுங்க சார். நகை போட்டா பீரோவுலதான் இருக்கும், இது பாப்பா உயிரையே காப்பாத்தும்." எங்கள் பக்கத்தில் தாய்மாமனை எந்த இடத்தில் தட்டினால் பணம் விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அறுபத்தைந்தாயிரம் ரூபாய், மாதத் தவணை வசதி, 75 வருஷம் பத்திரமாக இருக்கும், அரசு உரிமம் பெற்ற வங்கி. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

வழவழப்பான தாளில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். "80க்கும் மேற்பட்ட நோய்களுக்குத் தீர்வு" என்ற பட்டியலில் முதலிலேயே ரத்தப் புற்றுநோய். அடுத்த பக்கத்தில் 1988இல் பாரிஸில் நடந்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சை (நோயுள்ள மஜ்ஜைக்குப் பதிலாக நல்ல ஸ்டெம் செல்களை ஏற்றுவது). டாக்டர் எலியான் குளுக்மான் ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றிய கதை, சிரிக்கும் குழந்தை படத்தோடு. கதை உண்மைதான். ஆனால் அவனுக்கு ஏற்றியது புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். அவனுக்கு இருந்தது ஃபான்கோனி அனீமியா என்ற, ரத்த உற்பத்தியைக் கெடுக்கும் பரம்பரை நோய். சொந்த ரத்தத்தை எடுத்து வைத்திருந்தாலும் அதிலும் அதே கோளாறுதான் இருந்திருக்கும். தங்கை என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது.

இந்த ஒரு விடுபடலைக் கவனித்தால் மொத்த வியாபாரமும் புரிந்துவிடும். அவர்கள் காட்டும் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் நிஜம்தான், ஆனால் அவற்றில் வேலை செய்தது இன்னொருவருடைய ரத்தம். நம்மிடம் விற்பது நம் குழந்தையின் ரத்தத்தை, நம் குழந்தைக்கே.

பாப்பாவுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை. முதலில் டெங்கு என்றார்கள். தட்டணுக்கள் குறைந்துகொண்டே போக, காலில் அடிபடாமலே நீலத் தழும்புகள். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா, அதாவது ஏஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

எல்லோரும் உடைந்துபோய் நிற்க, அக்கா மட்டும் தெம்பாக இருந்தாள். ஃபைலை எடுத்து டாக்டரம்மாவின் மேஜையில் வைத்து, "பாப்பாவோட ஸ்டெம் செல் நம்மகிட்ட இருக்கு டாக்டர், உடனே அனுப்பச் சொல்லவா?" என்று கேட்டாள். குழந்தைகள் ரத்தவியல் டாக்டர் அவர். இந்தக் கேள்வியை நிறையத் தடவை கேட்டிருப்பார் போலிருக்கிறது. ஃபைலை மூடி அக்கா பக்கமே நகர்த்திவிட்டு, "இது உதவாதும்மா. கீமோதான் மருந்து, அதை ஆரம்பிப்போம்" என்றார்.

அவர் சொன்ன காரணங்களை என் பாஷையில் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் ஏஎல்எல்லில் பல சமயம் முதல் மரபணுக் கோளாறு கருவில் இருக்கும்போதே உண்டாகிவிடுகிறது. லண்டனில் மெல் கிரீவ்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, பிற்பாடு லுகேமியா வந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்துவைத்திருந்த ரத்தச் சொட்டுகளைத் தேடிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தது. அப்படியானால் அன்றைக்குச் சேமித்த தொப்புள்கொடி ரத்தத்திலும் அந்தக் கோளாறான செல்கள் இருக்கலாம். நோயின் விதையையே திருப்பி ஏற்றுவதுபோல் ஆகிவிடும்.

அடுத்த காரணம் இன்னும் முக்கியமானது. ரத்தப் புற்றுநோய்க்கு மாற்று சிகிச்சை செய்யும்போது பாதி வேலையைச் செய்வது கொடையாளியின் நோயெதிர்ப்பு செல்கள். கீமோவுக்குத் தப்பி ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களை அவை அந்நியம் என்று அடையாளம் கண்டு அழிக்கின்றன. சொந்த ரத்தத்துக்கு அந்தப் புற்றுச் செல்லும் சொந்தம்தான், அது ஒன்றும் செய்யாது. அதனால் மாற்று சிகிச்சை தேவைப்பட்டாலும் வேறொருவர் செல்தான் வேண்டும். ஏஎல்எல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் தேவைப்படுவதில்லை, இரண்டு இரண்டரை வருஷக் கீமோவே போதும். நோய் திரும்பி வந்தாலோ, ஆரம்பத்திலேயே ஆபத்தான வகையாக இருந்தாலோதான் மாற்று சிகிச்சை.

சரி, உதவாதென்றால் போகிறது என்று விட்டிருப்போம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

நோய் விவரத்தைச் சொல்லி, சேமித்த அலகின் (அந்த ரத்தப் பையின்) முழு ரிப்போர்ட்டைக் கேட்டோம். பிரசவம் முடிந்த சமயத்தில் எங்களுக்கு வந்தது தங்க பார்டர் போட்ட ஒரு சான்றிதழும் "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்ற வரியும்தான். இப்போது பலமுறை கேட்ட பிறகு லேப் தாள் வந்தது. ரத்தத்தின் அளவு 38 மில்லி. மொத்தச் செல்கள் 32 கோடி. 32 கோடி என்றதும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது. டாக்டரம்மா பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். மாற்று சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது இரண்டரைக் கோடி செல் வேண்டும். 32ஐ இரண்டரையால் வகுத்தால் 12.8. அதாவது பதின்மூன்று கிலோகூட இல்லாத குழந்தைக்குத்தான் இது காணும். உறைய வைத்து உருக்கும்போது போகும் செல்கள் தனி. பாப்பா அப்போது 17 கிலோ. பதின்மூன்று கிலோவைத் தாண்டிய யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் அந்தப் பை போதாது.

75 வருஷம் என்று விற்றார்களே, ஏறக்குறைய மூன்று வயதிலேயே அதன் பயன் முடிந்துவிட்டது! அமெரிக்காவில் உரிமம் பெற்ற தொப்புள்கொடி அலகு என்றால் உறைய வைக்கும் முன் குறைந்தது 50 கோடி செல்லாவது இருக்க வேண்டும். எங்களுடையது அதற்கும் கீழே. பிரசவம் ஆன வாரத்திலேயே இது கம்பெனிக்குத் தெரியும். "செல் குறைவாக இருக்கிறது, சேமிக்கவா வேண்டாமா?" என்று ஒரு போன் செய்திருக்கலாம். செய்யாமல் தவணையை மட்டும் தவறாமல் எடுத்தார்கள்.

அப்புறம் இரண்டாவது வலை. நோய் விவரம் சொன்ன சில நாளில் கம்பெனியின் "மருத்துவ ஆலோசகர்" என்று ஒருவர் மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர்) போன் செய்தார். செல் குறைவென்றால் பிரச்சினை இல்லை, எங்களோடு சேர்ந்த மையத்தில் அதைப் பெருக்கி ஏற்றலாம், ஆறு லட்சம் ஆகும், கீமோவோடு சேர்த்தே செய்யலாம் என்றார். கூடவே வாட்ஸ்அப்பில் செய்தித் துணுக்குகள்: பம்பாய் ஐஐடி உருவாக்கிய கார்-டி சிகிச்சை, ஹூஸ்டனில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்த புற்றுநோய் சிகிச்சை, அமெரிக்கா அனுமதித்த புது மருந்து. மாமா நிலத்தை விற்றுவிடலாமா என்று கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டார். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்த அப்பாவும் அப்படித்தான் கேட்பார், அதைத் தெரிந்துதானே போன் போடுகிறார்கள்.

அந்தத் துணுக்குகள் எதுவும் பொய் இல்லை. ஆனால் ஒன்றுகூட எங்கள் பையைப் பற்றியதும் இல்லை. கார்-டி என்பது நோயாளியின் உடம்பில் இப்போது ஓடும் ரத்தத்திலிருந்தே டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைப் பிரித்து, லேபில் மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றுவது. தொப்புள்கொடிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பம்பாய் ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து கொண்டுவந்த நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இங்கே அனுமதி கிடைத்தது, பி செல் என்ற ரத்த வெள்ளணுவில் வந்து மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத புற்றுநோய்களுக்கு. ஹூஸ்டன் விஷயம் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் கேட்டி ரெஸ்வானி குழு செய்தது. 2020இல் வெளியான முதல் முடிவில் 11 பேரில் 8 பேருக்குப் பலன் இருந்தது. அவர்களுக்கு ஏற்றிய என்கே என்ற நோயெதிர்ப்பு செல்கள், முன்பின் தெரியாதவர்கள் தானமாகக் கொடுத்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்தவை. அமெரிக்கா 2023 ஏப்ரலில் அனுமதித்த ஒமிடுபிசெல் என்ற அந்தப் புது மருந்தும் பிறர் கொடுத்த தொப்புள்கொடி ரத்தத்தை லேபில் பெருக்கித் தயாரிப்பதுதான், அதுவும் 12 வயது நிரம்பியவர்களுக்கு என்றுதான் அப்போது அனுமதித்தார்கள். இங்கே யாரோ ஒரு மையத்தில் பெருக்கி ஏற்றுவதற்கெல்லாம் அனுமதியே இல்லை. ஆராய்ச்சி என்று சொன்னால், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) விதி. டாக்டரம்மா இதையெல்லாம் சொல்லி, அந்த ஆலோசகரை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். அவர் வரவில்லை. அதன் பிறகு போனும் எடுக்கவில்லை.

இவ்வளவையும் நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பெரியவர்கள் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலே, பின்னாளில் சொந்த உபயோகத்துக்கு என்று தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2018இல் அதையே சொன்னது. சொந்த ரத்தத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு 2,500 பேரில் ஒருவரிலிருந்து இரண்டு லட்சம் பேரில் ஒருவர் வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அரசு உரிமம் என்றார்களே, அது ரத்தத்தைச் சேகரித்துப் பதப்படுத்தி வைக்கத் தரும் உரிமம். நோய் தீரும் என்பதற்கான உத்தரவாதம் கிடையாது. பத்திரமாக வைப்பதும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. 2023 நவம்பரில் சிங்கப்பூரில் ஒரு தனியார் வங்கியின் தொட்டிகளில் குளிர்நிலை தவறி, சுமார் 2,200 அலகுகள் கெட்டுப்போனதாக அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகமே அறிவித்தது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் மூத்த குழந்தைக்கு ஏற்கனவே லுகேமியாவோ, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையோ இருந்து, அடுத்த பிரசவம் வருகிறதென்றால் அந்த ரத்தத்தை எடுத்து வைப்பதில் அர்த்தம் உண்டு. உடன்பிறந்தவர்களுக்குள் திசு வகை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை பார்க்கும் ரத்தவியல் டாக்டர். மற்றபடி மாற்று சிகிச்சை தேவைப்பட்டால் அப்பா அம்மாவின் பாதிப் பொருத்தமே போதும் என்ற முறை இங்கே பல மருத்துவமனைகளில் நடக்கிறது. வெளிக் கொடையாளி வேண்டுமானால் சென்னையில் உள்ள தாத்ரி போன்ற பதிவகங்களில் தேடுவார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு ஆகிவிடும், காசு கிடையாது. நானும் மாமாவும் கொடுத்துவிட்டு வந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கம்பெனி அனுப்பிய பதிலில் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தைக் காட்டினார்கள்: செல்களின் எண்ணிக்கைக்கோ சிகிச்சைப் பலனுக்கோ வங்கி பொறுப்பல்ல. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒப்பந்தத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது அது. பேசும்போது உயிரைக் காப்பாற்றும், எழுதும்போது எதற்கும் பொறுப்பில்லை.

பாப்பா இப்போது, நோய் திரும்பாமலிருக்கத் தரும் மெயின்டனன்ஸ் கீமோவில் இருக்கிறாள். மாத்திரைக்கு முகம் சுளித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வருகிறாள்.

ஏற்கனவே சேமித்தவர்கள் முதலில் லேப் ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் போதாது. மில்லி எவ்வளவு, மொத்தச் செல் எவ்வளவு, கிருமிச் சோதனை முடிவு என்ன என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோடிக் கணக்கை இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் தானாகப் போகிறதென்றால் உங்கள் பணக் கணக்கு இருக்கும் வங்கியில் சொல்லி அந்த ஆட்டோ டெபிட்டை நிறுத்தலாம். புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் இருக்கிறது. வழக்குப் போடுவதாக இருந்தால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். அந்த வழவழப்பான புத்தகம் பரணில் எங்கேயாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வழக்கில் ஒப்பந்தத்தை விட அதைத்தான் வக்கீல் பெரிய சாட்சியாக நினைக்கிறார்.