பாரோமீட்டர் வாட்ச்சும் மலை வானிலையும்: சில வருட அனுபவம்

பேட்டரி மாற்றி, சென்சார் துளையில் இருந்த அடைப்பை எடுத்து, வாட்ச் சர்வீஸிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. அதே வாரம் மலையேறும் நண்பன் ஒருவன் கேட்டான்: "போனிலேயே வானிலை வருகிறதே, இது எதற்கு? வாங்கலாமா, வேண்டாமா?" அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. உயரமானி, காற்றழுத்தமானி, திசைகாட்டி எல்லாம் உள்ள வாட்ச் என்ன செய்யும் என்று மலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அதனால் நேராக என் தலைவலிக்கு வருகிறேன். அது புயல் எச்சரிக்கை.

உயரம், வானிலை இரண்டையும் இந்த வாட்ச் ஒரே சென்சாரை வைத்துத்தான் சொல்கிறது. மேலே ஏறினாலும் காற்றழுத்தம் குறையும். மோசமான வானிலை நெருங்கினாலும் குறையும். கடல்மட்டத்தை ஒட்டி சுமார் 8 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். 2000 மீட்டர் உயரத்தில் அதே 1 இறங்க 10 மீட்டர் ஏற வேண்டும். என் வாட்ச்சில் 3 மணி நேரத்துக்குள் 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எச்சரிக்கை அடிக்கும். கணக்குப் போட்டால் 40 மீட்டர் ஏற்றம். மலையில் 40 மீட்டர் ஒரு ஏற்றமே இல்லை.

தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அழுத்தம் வேகமாக மாறினால் ஆள் ஏறுகிறான் என்று எடுத்துக்கொண்டு உயரக் கணக்கில் எழுதும். மெதுவாக மாறினால் வானிலைக் கணக்கில் எழுதும். செங்குத்தான பாதையில் இது சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் முதுகில் பாரத்தோடு, நின்று நின்று, நீண்ட சாய்வில் மெதுவாகப் போகும்போது அது குழம்பிவிடுகிறது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மணிக்கட்டில் புயல் எச்சரிக்கை கத்தும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாம் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது வானிலை உண்மையிலேயே கெட்டுக்கொண்டிருந்தால், அந்த இறக்கத்தையும் சேர்த்து உயரக் கணக்கில் எழுதிவிடுகிறது. கணவாயில் போய் நின்றால் வரைபடத்தில் இருப்பதைவிட 30 மீட்டர் அதிகமாகக் காட்டும், எச்சரிக்கை மட்டும் வராது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தேவையில்லாத நேரத்தில் கத்திவிட்டு, தேவையான நேரத்தில் பேசாமல் இருக்கிறது.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. 1648 செப்டம்பர் 19 அன்று, பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே பிரான்ஸில் பூய் த தோம் மலைமேல் பாதரசக் குழாயை, அதாவது அந்தக் காலத்துக் காற்றழுத்தமானியை, கொண்டுபோனார். உச்சியில் பாதரசம் சுமார் 3 அங்குலம் இறங்கியிருந்தது. உயரம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது அன்றைக்கு நிரூபணமானது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒரு விஷயம். கிளம்பும் முன் இன்னொரு குழாயை அடிவாரத்தில், ஒரு மடத்தின் தோட்டத்தில் வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு துறவியிடம் விட்டுப்போயிருந்தார். அதில் பாதரசம் அசையவில்லை. அதனால்தான் மேலே தெரிந்த மாற்றம் உயரத்தால் வந்தது, வானிலையால் அல்ல என்று அவரால் சொல்ல முடிந்தது. என் கையில் இருப்பது ஒரே குழாய். அடிவாரத்தில் யாரும் இல்லை. ஜிபிஎஸ்ஸை அந்த இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்ளும் வாட்ச்களும் வந்துவிட்டன. திறந்த முகட்டில் அது உதவும். குறுகிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும் ஜிபிஎஸ்ஸே தடுமாறும்.

நியாயமாகப் பார்த்தால் சென்சார் மேல் குற்றமில்லை. அழுத்தத்தை அளக்கச் சொன்னார்கள், மிகத் துல்லியமாக அளக்கிறது. பெட்டியில் 'புயலை முன்கூட்டியே அறியலாம்' என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள், 'ஓரிடத்தில் நின்றிருந்தால்' என்பதையும் போட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் ஓரிடத்தில் நின்றிருந்தால் இது அருமையான கருவி. கூடாரம் அடித்ததும் வாட்ச்சைக் கழற்றி உள்ளே தொங்கவிட்டு, உயரத்தைக் குறித்துக்கொள்வேன். காலையில் கூடாரம் 40 மீட்டர் 'ஏறியிருந்தால்' இரவோடு இரவாக 4 ஹெக்டோபாஸ்கல் போயிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு முகட்டுப் பாதையை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதையைப் பார்ப்பது நல்லது. சிக்னலே இல்லாத இடத்தில், மேகம் எதையும் காட்டாத இருட்டில், வாட்ச் திரையில் அழுத்தத்தைக் காட்டும் அந்தச் சின்னக் கோடு கீழே சரிவதைப் பார்த்துத் திட்டத்தை மாற்றி, மதியம் மழையும் காற்றும் வந்தபோது நாங்கள் மரங்களுக்குள் இருந்திருக்கிறோம். கழற்றி வைத்தால் வெப்பநிலையும் சரியாக வரும். கையில் கட்டியிருக்கும்வரை அது நம் உடம்புச் சூட்டையும் சேர்த்துத்தான் காட்டும்.

அந்தக் கோட்டைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை தானாகவே ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம், விடிகாலை, மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது நன்றாகத் தெரியும், 2 அல்லது 3 ஹெக்டோபாஸ்கல் வரைகூடப் போகும். எனவே மதியத்தில் மெல்ல இறங்கும் கோட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். ஏற வேண்டிய நேரத்திலும் ஏறாமல் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். முகட்டில் பலத்த காற்று அடிக்கும்போது உயரம் 10, 20 மீட்டர் தாவுவதையும் பொருட்படுத்த வேண்டாம்.

நண்பன் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வெயிலில் தரை சூடாகி மதியத்தில் திரளும் இடிமேகத்துக்கு முன் அழுத்தம் பெரிதாக இறங்குவதில்லை. மலையில் நடப்பவரை அதிகம் பயமுறுத்துவது அதுதான், அதை இந்த வாட்ச் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கண்ணும் காதும்தான். குவியல் மேகம் அகலத்தைவிட உயரத்தில் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ண வேண்டும். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி வந்தால் முகட்டில் இருக்கக் கூடாது.

போன் முன்னறிவிப்பும் மலைக்கு முழுசாகப் போதாது. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் உலகளாவிய கணினி மாதிரியே சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பூமியைப் பார்க்கிறது. அந்தக் கட்டத்துக்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் மழுங்கிப் போய்விடும். அடிவார ஊருக்கான வெப்பநிலையை எடுத்துக்கொண்டு, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று கழித்து, மேலே காற்று இன்னும் பலமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது பூஜ்ஜியத்துக்கும் கீழே.

சர்வீஸைப் பற்றிச் சுருக்கமாக: வியர்வை உப்பும் சன்ஸ்கிரீனும் சென்சார் துளையை அடைத்தால் உயரம் ஒரே எண்ணில் நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். பேட்டரி மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

சரி, வாங்கலாமா? வானிலைக்காக என்றால், வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மழைக்கோட்டு வாங்கு, விடிவதற்கு முன்னால் கிளம்பு, மதியத்துக்குள் முகட்டைவிட்டு இறங்கு. என்னுடையதை விலைக்குக் கேட்காதே, தரமாட்டேன். எச்சரிக்கை ஒலியை மட்டும் அணைத்துவிட்டேன்.