11 வருஷம் பழகிய தலைவாசல்: காரைக்குடியில் வாங்கிய பழைய பர்மா தேக்குக் கதவு எப்படி உழைக்கிறது?

வீடு கட்டுகிறவர்கள் யார் வந்தாலும் எங்கள் வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசியதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மதுரைக்கு வெளியே, நத்தம் சாலைப் பக்கம் எங்கள் வீடு. வாசல் மேற்குப் பார்த்தது. 2014 தையில் நிலை வைத்தோம், ஆவணியில் குடி வந்தோம். அப்போது மரக்கடையில் விசாரித்ததில், ஏழடிக்கு மூன்றரை அடியில் கஜலட்சுமி செதுக்கிய புது பர்மா தேக்கு நிலையும் கதவும் 1,15,000 ரூபாய் என்றார்கள். செதுக்கு வேலை இல்லாத நாட்டுத் தேக்கு 58,000. அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தப்போகிறது என்ற பேச்சு கடைகளில் எல்லோர் வாயிலும் இருந்தது. எங்கள் பட்ஜெட்டோ 60,000. அப்போதுதான் எங்கள் ஆசாரி, "காரைக்குடிக்கு ஒரு நடை போய்ட்டு வந்துருவோம்மா, பழைய மரம் பார்ப்போம்" என்றார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலை, கதவு எல்லாம் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். நான் முதலில் மயங்கியது யாளியும் கொடியும் செதுக்கிய ஒரு நிலையில். ஆசாரி அதன் மேல்பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து உட்கார்ந்து, நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தில் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். "தலை நல்லாத்தான் இருக்கு, கால்தான் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். பழைய கதவு வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். செதுக்கலைப் பார்க்கும் முன் நிலையின் அடியைக் குத்திப் பாருங்கள். அடுத்து, குண்டூசித் தலையளவு துளைகள் இருக்கிறதா, அதற்குக் கீழே புதுசாக மாவு கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாவு புதுசு என்றால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

நாங்கள் எடுத்தது அதிகம் செதுக்கு வேலை இல்லாத, மேற்சட்டத்தில் மட்டும் தாமரை வரிசை ஓடும் இரட்டைக் கதவு. பலகை ஒன்றேமுக்கால் அங்குலக் கனம். நிலையோடு சேர்த்து 42,000. வண்டி வாடகை 3,000, ஆசாரி கூலி 11,000, கீல், தாழ்ப்பாள், பூட்டு 6,500. மொத்தம் 62,500. எளிய நாட்டுத் தேக்கு இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த வைரம் பாய்ந்த மரம் அந்த விலைக்குப் புதுசாகக் கிடைத்திருக்காது.

பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிதான் குழியில் சுழலும். பார்க்க அழகு. ஆனால் மேற்குழி தேய்ந்துபோனால் கதவைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி எடுத்துவிடலாம் என்று ஆசாரி காட்டினார். குடுமியை அறுக்கும்போது எனக்கு மனசே கேட்கவில்லை, ஆனாலும் அறுத்துவிட்டு, ஒவ்வொரு கதவுக்கும் ஐந்து அங்குல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கீல் நான்கு போட்டோம். கதவு உள்பக்கமாகத் திறப்பதால் கீலின் ஆணி வெளியே தெரியாது. கடையில் கீலோடு கொடுத்த முக்கால் அங்குல ஸ்க்ரூவை ஆசாரி தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டரை அங்குலம் வாங்கிவரச் சொன்னார்.

இப்போது பாதுகாப்பைப் பற்றி. இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். இரட்டைக் கதவில் பூட்டின் நாக்கு சுவருக்குள் போவதில்லை, பக்கத்துக் கதவுக்குள்தான் போகிறது. அந்தப் பக்கத்துக் கதவு அசைந்தால் எவ்வளவு விலையுள்ள பூட்டும் சேர்ந்தே அசையும். நாங்கள் வாங்கி வைத்திருந்தது நான்கு அங்குலத் தாழ்ப்பாள். ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பீரோவுக்குப் போடுறதும்மா" என்றார். கடைசியில் பூட்டு இல்லாத அந்தக் கதவுக்கு மேலே 12 அங்குலமும் கீழே 18 அங்குலமுமாக இரண்டு தாழ்ப்பாள். கீழ்த்தாழ்ப்பாள் வாசலுக்கு உட்புறத் தரையில் பதித்த கிரானைட்டில் துளை போட்டு ஒரு அங்குலம் இறங்குகிறது. நிலையைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்பும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு. கொத்தனார் சாந்தை வைத்து மூடப் போனபோது, ஜல்லி போட்ட கான்கிரீட்டால்தான் அடைக்க வேண்டும் என்று ஆசாரி கூடவே நின்று வேலை வாங்கினார்.

2019 மே மாதம் ஒரு கல்யாணத்துக்கு நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது வெளி கிரில் கேட்டின் பூட்டு அறுபட்டுத் தரையில் கிடந்தது. இரண்டு கதவும் சேரும் இடத்தில், பூட்டுக்குச் சற்றுக் கீழே, கடப்பாரை நுனி பதிந்த இரண்டு அங்குலப் பள்ளம். பூட்டுத் தகடு வளைந்திருந்தது. கதவு திறக்கவில்லை. ஆசாரி வந்து விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நேராகக் குனிந்து கீழ்த்தாழ்ப்பாளைத்தான் பார்த்தார். அது லேசாக வளைந்து, கிரானைட் துளைக்குள் இறுகி நின்றுகொண்டிருந்தது. எட்டு லட்ச ரூபாய் நகையைவிட, உள்ளே தனியாகப் படுத்திருக்க வேண்டிய என் மாமியார் கடைசி நேரத்தில் எங்களோடு கிளம்பி வந்ததைத்தான் அன்றைக்கு நினைத்து நினைத்து நடுங்கினேன். அந்தப் பள்ளத்தை இன்றுவரை நான் அடைக்கவில்லை.

கிரில் கேட்டுக்கு அதன்பிறகு திண்டுக்கல்லுக்கே போய்க் கையால் செய்த லீவர் பூட்டு வாங்கினோம். அந்த ஆகஸ்டில்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எந்தப் பூட்டானாலும் அதன் வளையம் வெளியே தெரிந்தால் அறுக்க இடம் கொடுத்ததுபோல்தான். வெல்டரிடம் சொல்லி, வளையத்தை மூடி ஒரு இரும்புப் பெட்டி அடித்துக்கொண்டோம். அதற்கு 400 ரூபாய்.

பாலிஷில் நாங்கள் தவறு செய்தோம். பளபளப்புக்கு ஆசைப்பட்டு மெலமின் பாலிஷ் அடித்தோம். அது வெயில் படாத உள்வேலைக்கு உரியது. மேற்கு வெயிலில் 14 மாதத்தில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அன்றிலிருந்து காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான். வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசி கடைசியில், பழைய பருத்தித் துணியில் தொட்டுத் தேய்த்தால் இரண்டு மணி நேர வேலை. தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுத்தான் எறிய வேண்டும். சன்ஷேடையும் இரண்டடியிலிருந்து நாலடியாக நீட்டினோம். கதவுக்கு அதுதான் பாலிஷைவிடப் பெரிய உபகாரம்.

மழைக்காலத்தில் இந்தக் கதவு பிடிப்பதே இல்லை. பல வருஷம் காய்ந்த மரம். என் தம்பி வீட்டில் சரியாகக் காயாத வேங்கையில் கதவு போட்டார்கள். ஐப்பசி மழையில் ஊறிப் பிடித்துக்கொண்டது. உடனே இழைத்துவிட்டார்கள். சித்திரையில் மரம் சுருங்கி, பல்லி தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி. கதவு பிடித்தால் தை வரை பொறுத்திருந்து பாருங்கள், மழைக்குள் இழைப்புளியைத் தொட விடாதீர்கள்.

மாடிப் போர்ஷனுக்குச் செலவைக் குறைக்க ஃப்ளஷ் டோர் (மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த தட்டைக் கதவு) போட்டோம், 8,000 ரூபாய். நான்கு வருஷம் நன்றாகவே இருந்தது. பிறகு அடி விளிம்பில் தண்ணீர் ஏறிப் பலகை பிரிந்தது. மாட்டும் முன் அடி விளிம்புக்கும் பெயின்ட் அடித்திருந்தால் பிழைத்திருக்கும். சென்னையில் அக்கா வீட்டில் ஸ்டீல் கதவு. கரையான் இல்லை, ஊறுவதில்லை, அபார்ட்மென்ட்டுக்கு நல்ல தேர்வு. மேற்கு வெயில் நேராக அடிக்கும் தனி வீட்டில் மாலையில் கை வைக்க முடியாது.

எங்கள் கதவில் எனக்கு உள்ள உண்மையான குறை வாசப்படி. தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீரும் வெள்ளிக்கிழமை மஞ்சளும் பட்டு, 2018இல் கீழ்ச்சட்டத்தின் வெளி ஓரம் மெத்தென்று ஆகிவிட்டது. சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் கரையானும் ஏறத் தொடங்கியிருந்தது. மருந்து அடித்து, கெட்ட பகுதியைச் செதுக்கி எடுத்து, மேலே பித்தளைத் தகடு போர்த்தினோம். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. மஞ்சள் இப்போதும் பூசுகிறேன், ஆனால் அன்று மாலையே ஈரத்தைத் துடைத்துவிடுவேன்.

இன்னொன்று அதன் உயரம். பழைய நிலை என்பதால் படி ஐந்து அங்குலம். 2014இல் என் மாமியார் அதை எளிதாகத் தாண்டிப் போனார். இப்போது அவருக்கு 78 வயது, முழங்கால் மடங்குவதில்லை. போன மாதம் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்து, அடுத்த காலை இழுக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். "படியை மிதிக்கக் கூடாதுடி" என்றும் சொல்கிறார், தாண்டவும் முடியவில்லை. ஆசாரியிடம் பேசிவிட்டேன். தை பிறந்ததும் பித்தளைத் தகட்டைக் கழற்றி, நடுவில் மூன்றடி அகலத்துக்குப் படியை மூன்று அங்குலம் இறக்குகிறோம். நிலைக்கால்கள் இறங்கும் ஓரங்களைத் தொடப்போவதில்லை. கதவின் அடியில் அதே கனத்துக்குத் தேக்குப் பட்டை சேர்க்க வேண்டும், கீழ்த்தாழ்ப்பாளையும் நீளமாக மாற்ற வேண்டும். கூலியோடு 9,000 ஆகும் என்றிருக்கிறார்.