ஓட்டோவில் வசனம் ஒட்டுவதா, ஒட்டாமல் ஓடுவதா?

திருகோணமலையில் புது ஓட்டோ எடுக்கும் நம் சபைப் பொடியங்களுக்கு இந்தக் குழப்பம் வரும். கர்த்தரின் நாமத்தை வீணிலே வழங்காதே என்பது கட்டளை (கத்தோலிக்கருக்கு 2ஆவது, மெதடிஸ்தருக்கு 3ஆவது). பின் கண்ணாடியில் 'இயேசு ஜீவிக்கிறார்' என்று ஒட்டுவது அந்த நாமத்துக்கு மகிமையா, வீணா?

செலவு
ஒட்டினால்: ஒருமுறை காசு.
நடத்தையில் காட்டினால்: ஓட்டத்துக்கு ஓட்டம் நட்டம். உப்புவெளிக் கடற்கரைக்குப் போகும் வெள்ளைக்காரரிடம் இரண்டு மடங்கு கேட்காமல் விடவேண்டுமே!

எவ்வளவு நாள் நிற்கும்
ஸ்டிக்கர்: வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெளிறிவிடும்.
நடத்தை: ஸ்டாண்டில் நல்ல பெயர் எடுத்தால் வண்டி மாறினாலும் நிற்கும்.

ஆபத்து
இங்கேதான் விஷயம். வசனம் ஒட்டிய ஓட்டோ பஸ் நிலையத்தடியில் குறுக்கே வெட்டினால், பின்னால் வருபவர் கோணேசர் கோயிலுக்குப் போகிறவராகவோ பள்ளிவாசலுக்குப் போகிறவராகவோ இருக்கலாம். அவர் திட்டுவது சாரதியை மட்டுமல்ல. உங்களால் தேவனுடைய நாமம் தூஷிக்கப்படுகிறது என்று பவுல் எழுதியது (ரோமர் 2:24) இதைப் போன்றதைத்தான். 'ஆண்டவராணை, எனக்கு மிச்சமே இல்லை' என்று கூலி பேசுவதும் அதே கணக்கு. ஆம் என்றால் ஆம் போதும் (மத்தேயு 5:37).

ஒட்டாதவருக்கும் ஒரு குறை உண்டு: புகழ் முழுக்க அவருக்கே போய்விடும். மத்தேயு 5:16 கேட்பது பிதாவுக்கு மகிமை.

சரி, யாருக்கு எது? கோபக்காரருக்கும் புதுச் சாரதிக்கும் வெறும் கண்ணாடியே நல்லது. கூலியில் நேர்மையானவர் என்று ஊர் ஏற்கனவே சொல்கிறவர் தாராளமாக ஒட்டலாம்.