சாக் பெயிண்ட் வீட்டிலேயே கலக்க: பிளாஸ்டரா, சாக் பவுடரா?

பழைய அலமாரிக்கோ மேசைக்கோ சாக் பெயிண்ட் (பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு போலக் காயும் பெயிண்ட்) அடித்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, பல காலம் புழங்கிய தோற்றம் கொண்டுவர நினைக்கும் ரங்கூன்காரர்களுக்கு முதலில் வரும் கேள்வி, பெயிண்டில் எந்தப் பொடியைக் கலப்பது என்பதுதான். பிரிட்டிஷ் அலங்காரப் பெயிண்ட் கலைஞர் ஆனி ஸ்லோன் 1990-இல் உருவாக்கிய அசல் டின்னை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். ஒரு அலமாரிக்காக அந்தச் செலவு கட்டுப்படியாகாது. சமையல் சோடா கலக்கச் சொல்பவர்களும் உண்டு. அது நறநறவென்று நிற்கும், தண்ணீரிலும் கரையும், வேண்டாம். மிச்சம் இருப்பவை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும், பட்டி போடுபவர்கள் வாங்கும் சாக் பவுடரும். எங்கள் வீட்டு அலமாரிக்கு இரண்டையும் கலந்து பார்த்துவிட்டுச் சாக் பவுடரையே வைத்துக்கொண்டேன்.

இரண்டையும் சுவருக்கு அடிக்கும் சாதாரண எமல்ஷன் பெயிண்டில்தான் கலக்கிறோம். இரண்டும் பளபளப்பை அடக்கும், சீக்கிரம் காயும், விலையும் பெரிதில்லை.

பிளாஸ்டருக்கும் பலம் உண்டு. ஒரு கப் பெயிண்டுக்கு மூன்றில் ஒரு கப் பிளாஸ்டர், அதே அளவு குளிர்ந்த தண்ணீர் என்று கலந்தால் கெட்டியாக மூடும். அடியில் இருக்கும் பழைய நிறம் சட்டென்று மறையும். காய்ந்த பிறகு மேல்தளம் சாக் பவுடர் பூச்சைவிடக் கடினமாக இருப்பதாகவே என் கைக்குப் பட்டது. சின்னச் சாமானை ஒரே மூச்சில் அடித்து முடிப்பவருக்கு அது போதும்.

ஆனால் நம் ஊர் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. தென்கிழக்கே மோல்மேன் நகரப் பக்கம் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. அந்த மாதங்களில் மரம் ஈரம் குடித்து உப்பும். அலமாரிக் கதவு இறுகி, திறக்கும்போதெல்லாம் ஓரம் உரசும். தரை துடைத்த தண்ணீர் கால்களில் ஏறும். உரசிய இடத்தில் பெயிண்ட் பெயரும். தேய்ந்த தோற்றம் நாம் விரும்பியதுதான். அது நாம் தேய்த்த இடத்தில் இருக்க வேண்டும், கைப்பிடிக்குக் கீழே திட்டுத் திட்டாக அல்ல. ஆக, மழை ஓய்ந்ததும் தொட்டுப் பூச அதே பெயிண்ட் கையில் வேண்டும்.

பிளாஸ்டர் கைவிடுவது இங்கேதான். அது ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டு, அதிலிருக்கும் நீரில் பெரும்பகுதியை விரட்டி எடுத்த பொடி. தண்ணீர் பட்டதும் மறுபடி ஜிப்சமாக இறுகும். பெயிண்டுக்குள் இருந்தால் கொஞ்சம் தாமதமாகும், நிற்காது. கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும்; மிச்சம் டப்பாவோடு கல்லாகிவிடும். பிரித்து வைத்த பிளாஸ்டர் பையும் மழை மாதக் காற்றின் ஈரத்திலேயே கட்டிதட்டிப் போகும். புதிதாகக் கலக்கலாமே என்றால், நிறம் சேராது. பொடி வெள்ளை, அரைக் கரண்டி கூடினாலும் குறைந்தாலும் நீலமும் பச்சையும் மாறிவிடும். காயும்போது ஒரு தரம், பாதுகாப்புக்கு மேலே மெழுகு பூசும்போது இன்னொரு தரம் நிறம் மாறுவதால், ஈரத்தில் ஒத்துப்போன நிறம் காய்ந்ததும் தனித் திட்டாகத் தெரியும்.

சாக் பவுடர் வெறும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் இறுகாது, அடியில் படியும், கிளறினால் எழும்பும். ஒரு கப் பெயிண்டுக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி. அதை முதலில் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீரில் பசையாகக் குழைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பொடியை அள்ளிப் போடாதீர்கள். பெயிண்டிலுள்ள பசை எல்லாப் பொடியையும் பிடித்து வைக்க முடியாமல், தொட்டாலே கையில் ஒட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்; தண்ணீர் கூடக் கூடப் பெயிண்டைக் கெடாமல் காக்கும் மருந்தின் வீரியம் குறையும். மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் வாய்வரை நிரப்பி மூடி வைத்தேன். ஒரு மழைக்காலம் கழித்தும் நன்றாக இருந்தது, கதவோரத்தில் தொட்டுப் பூசினேன், நிறம் சேர்ந்தது. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்று என் அனுபவத்தில் உறுதி சொல்ல முடியாது. புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

இரண்டு பொடிக்கும் பொதுவான சங்கடம் தேக்கு. அதன் எண்ணெய் பெயிண்டை ஒட்டவிடாது. வெளிர் நிறத்தின் மேல் பழுப்புக் கறையும் கசியும். ஸ்பிரிட்டில் துடைத்து, அரக்கு வார்னிஷ் இரண்டு கோட் அடித்த பிறகே சாக் பெயிண்ட். எங்கள் தெருத் தச்சர், “நல்ல தேக்குன்னா பெயிண்டைக் கிட்டவே கொண்டுபோகாதம்மா, பாலிஷ் போட்டுக்க” என்பார். எனக்கும் அதே எண்ணம்தான். பெயிண்ட் ஏறிய தேக்கை விற்கப்போனால் விலை இறங்கும். ஒட்டுப்போட்ட மரம், பல மரம் கலந்த சாமான், இவற்றுக்குத்தான் இந்த வேலை பொருத்தம். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது அதில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

தேய்ப்பதை மெழுகு பூசுவதற்கு முன்பே, 180 அல்லது 220 நம்பர் தாளில் முடித்துவிட வேண்டும். சாக் பவுடர் பூச்சு மாவாக உதிர்வதால் ஓரம் மெல்ல மங்கி இறங்கும். பிளாஸ்டர் பூச்சு சில இடங்களில் சில்லாகப் பெயர்ந்தது. பொடி பறக்கும், முகமூடி அவசியம். மெழுகு முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும் என்பதால், தண்ணீர்த் திருவிழாவும் சித்திரைப் புத்தாண்டும் வருவதற்குள் பூசி முடித்தால் மழைக்கு முன் ஒரு மாதம் கிடைக்கும். தேநீர்க் கோப்பை வைக்கிற மேசைப் பலகைக்கு மட்டும் மெழுகு போதாது, வளையம் விழும். அங்கே பளபளப்பில்லாத வாட்டர் வார்னிஷ் அடியுங்கள்.